வான் ரூக்கல் வீட்டார் எழுதிய கணக்குப் பரீட்சை

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு மேசையைச் சுற்றி இருந்தவர்கள் ஐந்து பேர். என் தம்பி மகன் டாரல் வான் ரூக்கல், பன்றிப் பண்ணை வைத்திருப்பவன். அவன் மனைவி லவான். லவானின் அண்ணன் மெர்ல் ஹூக்ஸ்ட்ரா, பால் லாரி ஓட்டுபவர், ஞாயிறு விருந்துக்கு அழைப்பில்லாமலே வருபவர். டாரலின் ஒரே மகள் கென்ட்ரா, வயது பதினெட்டு. ஐந்தாவது நான், கெரிட் வான் ரூக்கல், இந்தக் குடும்பத்தில் இன்று உயிரோடு இருப்பவர்களில் மூத்தவன். வெளியாள் யாரும் இல்லை.

கென்ட்ரா ஆகஸ்டில் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கால்நடை அறிவியல் படிக்கப் போகிறாள். அதற்கு முன் ஜூனில் புது மாணவர்களுக்கு ஒரு அறிமுக நாள் உண்டு. அன்று ஆலோசகர் ஒருவர் எதிரே உட்கார வைத்து, எந்தெந்த வகுப்பு என்று முடிவு செய்து, அங்கேயே பெயர் பதிந்துவிடுவார். கணக்கில் எந்த நிலை என்பதை முடிவு செய்ய ஒரு தகுதித் தேர்வு. அதை மட்டும் முன்கூட்டியே வீட்டிலிருந்து கணினியில் எழுதி அனுப்ப வேண்டும்.

சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்த இடத்தில் கென்ட்ரா கணினியை வைத்தாள். முதல் திரையில் இருந்த வாக்கியத்தை உரக்கப் படித்தாள்.

"'இந்தத் தேர்வை யாருடைய உதவியும் இல்லாமல் தனியாக எழுதுவேன்.' இதுல டிக் போடணுமாம்."

"தனியான்னா?" என்றாள் லவான். "வீட்டுல நாங்க யாரும் இருக்கக் கூடாதா? பன்னிக் கொட்டகைக்குப் போயிடணுமா?"

"நீங்க இருங்கம்மா. பேசாம இருங்க, அது போதும்."

"பேசாம இருக்கறதா!" என்றார் மெர்ல். "உங்கம்மாவா!"

நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தேன். மேலே 'வான் ரூக்கல், கென்ட்ரா' என்று இருந்தது. குடும்பப் பெயர் முதலில். காற்புள்ளிக்குப் பிறகுதான் அவள் பெயர். தேர்வு யாருக்கு வைக்கப்பட்டது என்பதில் எனக்குச் சந்தேகம் எழவில்லை. எங்கள் வீட்டில் பன்றி ஏற்றுவதும், சவப்பெட்டி தூக்குவதும், கல்யாணத்துக்கு ரொட்டி அறுத்துப் பன்றி இறைச்சி வைப்பதும் எல்லாரும் கூடிச் செய்வதுதான். கணக்கு மட்டும் என்ன தனி?

டாரலுக்கு வேறொரு கவலை. "இன்னைக்கு ஞாயித்துக்கிழமையாச்சே பெரியப்பா. வேலை செய்யலாமா?"

கூலி இல்லாத காரியம் வேலை ஆகாது என்று தீர்ப்புச் சொன்னேன். நான் எங்கள் தேவாலயத்தில் இருபத்திரண்டு வருடம் மூப்பராக இருந்தவன். இதைவிடக் கடினமான தீர்ப்புகளைச் சொல்லியிருக்கிறேன்.

"அப்படிப் பார்த்தா பால் கம்பெனி எனக்குக் குடுக்கறதும் கூலி இல்ல பெரியவரே," என்றார் மெர்ல். "நானும் ஞாயித்துக்கிழமை வண்டி எடுக்கலாம்."

இருபத்தைந்து கேள்விகள். சதவீதம் எல்லாம் டாரல் பார்த்துக்கொண்டான். தீவனம் கலப்பவனுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. கோணங்கள் லவானுடையவை. அவள் தைக்கும் ஒட்டுப்போர்வைகளில் ஒரு மூலை பிசகினால் முழுவதையும் பிரித்துவிடுவாள். கொள்ளளவு மெர்லுக்கு. கால்குலஸ் எனக்கு. மாவட்டச் சாலைத்துறையில் பாலம் கட்டியவன் நான், அவை இன்னும் நிற்கின்றன. கென்ட்ரா சொன்ன இடத்தில் அழுத்தினாள்.

"எனக்கு ஒண்ணையாவது விடுங்களேன்ப்பா."

"நீ அழுத்தற வேலையைப் பாரு," என்றான் டாரல்.

சண்டை வந்தது ஒரே ஒரு கேள்வியில். ஒரு விவசாயியிடம் நானூறு அடி வேலிக்கம்பி இருக்கிறது. ஆற்றோரமாக ஒரு மேய்ச்சல் நிலத்தை வளைக்க வேண்டும். ஆற்றுப்பக்கம் வேலி வேண்டாம். அதிகபட்சம் எவ்வளவு நிலத்தை வளைக்கலாம்?

"ஆத்துப் பக்கம் வேலி வேண்டாமா?" என்றான் டாரல். "எந்தப் பைத்தியக்காரன் சொன்னான்? ஆகஸ்ட்ல தண்ணி முழங்காலுக்கு வராது. மாடு அக்கரையில நிக்கும்."

"அக்கரையில பக்கத்துப் பண்ணை டைக்ஸ்ட்ரா சோளம் போட்டிருப்பான்," என்றார் மெர்ல். "அப்புறம் பாரு கூத்தை."

"கேள்வியிலேயே வேண்டாம்னு இருக்குப்பா!" என்று கென்ட்ரா கத்தினாள்.

நான்கு பக்கமும் வேலி போட்டு பத்தாயிரம் சதுர அடி என்று விடை கொடுத்தோம். கீழே 'உங்கள் கருத்து' என்று ஒரு கட்டம் இருந்தது. 'இந்தக் கேள்வியை உருவாக்கியவர் மாடு வளர்த்தவர் அல்லர்' என்று நான் சொல்லச் சொல்ல அவள் தட்டச்சு செய்தாள்.

தொண்ணூற்றாறு மதிப்பெண் வந்தது. அந்த ஒரு கேள்விதான் போயிற்று. அது தவறு என்று இன்றுவரை நான் ஒப்புக்கொள்ளவில்லை.

அன்று மாலை ஆராதனைக்குப் போனோம். பிரசங்கம் தொடங்குவதற்குள் தொண்ணூற்றாறு பின்வரிசைவரை போய்ச் சேர்ந்துவிட்டது. லவான் அதை யாரிடமும் சொல்லவில்லை. தன் தங்கையிடம் மட்டும்தான் சொன்னாள், எல்லாருக்கும் கேட்கும்படி. வெளியே வரும்போது ஹார்லன் டைக்ஸ்ட்ரா என் கையைக் குலுக்கினார். அவரும் மூப்பராக இருந்தவர், நான் இறங்கிய பிறகு.

"என் பேரன் பிரென்ட் தொண்ணூத்திரண்டு வாங்கியிருக்கான், கெரிட்."

"நல்ல மார்க்தான்," என்றேன். அன்று எனக்கு நல்ல தூக்கம்.

அறிமுக நாளன்று நான்கு பேர் காரில் போனோம். மெர்லுக்குப் பால் லாரி. நான் கறுப்புக் கோட்டு போட்டிருந்தேன். டாரல் ஓட்டினான். பாதி வழியில் பின்சீட்டிலிருந்து கென்ட்ரா சொன்னாள்:

"நான் அந்த ஆலோசகர்கிட்ட உண்மையைச் சொல்லிடப் போறேன்."

வண்டி லேசாக அலைந்தது.

"என்ன உண்மை?" என்றாள் லவான்.

"அம்மா, எங்க ஸ்கூல்ல கால்குலஸே கிடையாது. தொண்ணூத்தாறுக்கு என்னை மூணாவது கால்குலஸ்ல தூக்கிப் போடுவாங்க. மொத டெஸ்ட்லயே கவுந்திருவேன். கிறிஸ்துமஸுக்குப் பெட்டியோட வீட்டுக்கு வந்துருவேன். அப்புறம் கால்நடையும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"பெரிய தாத்தாகிட்ட போன்ல கேட்டுக்கலாம்ல?"

"நாலு வருஷமும் இவரைப் பையில போட்டுக்கிட்டுப் போகவா?"

"சொன்னா என்ன ஆகும்னு யோசிச்சியா?" என்றான் டாரல். "வான் ரூக்கல் குடும்பம் பரீட்சையில திருடுனாங்கன்னு ஆகும். டைக்ஸ்ட்ரா காதுக்குப் போனா? நான் எந்த மூஞ்சியோட பன்னி விக்கப் போவேன்?"

"பன்னி உங்க மூஞ்சியைப் பாக்காதுப்பா."

சொல்லக் கூடாது என்று நான் சொன்னால் அவள் கேட்பாள் என்று எல்லாருக்கும் தெரியும். ஆகவே எல்லாரும் எனக்காகக் காத்திருந்தார்கள். நான் சன்னல் வழியாகச் சோளத்தைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

பல்கலைக்கழகத்தின் வாசலில் மஞ்சள் பனியன் போட்ட பிள்ளைகள் வரிசையாக நின்று, வரும் ஒவ்வொரு காரையும் பார்த்துக் கூச்சலிட்டார்கள். எதற்கு என்று விசாரித்தேன். வரவேற்பாம். எங்கள் ஊரில் காளை வேலியை உடைத்தால்தான் இப்படிக் கத்துவார்கள்.

ஒரு மேசையில் பெயர்ச்சீட்டு கொடுத்தார்கள். கென்ட்ராவின் சீட்டில் பொன்னிற நட்சத்திரம் ஒன்று ஒட்டியிருந்தது. கணக்குத் தேர்வில் தொண்ணூறுக்கு மேல் வாங்கியவர்களுக்கு மட்டும் அது. குடும்பத்தாருக்கும் ஆளுக்கொன்று. லவான் தன்னுடையதைச் சீட்டிலிருந்து உரித்து, கண்ணில் படும்படி கழுத்துப்பட்டைக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டாள். நானும் என்னுடையதைக் கழற்றவில்லை.

பிறகு பிள்ளைகள் ஒரு கதவு, குடும்பத்தார் ஒரு கதவு என்று பிரித்தார்கள். கென்ட்ரா திரும்பிப் பார்க்காமல் போனாள்.

எங்கள் மண்டபத்தில் ட்ரென்ட் என்று ஒருவர். பதவி, குடும்ப உறவுகளுக்கான துணை இயக்குநர். காலில் சாதாரணச் செருப்பு. கால் விரல்கள் வெளியே தெரிய ஒரு துணை இயக்குநரை நான் அன்றுதான் பார்த்தேன். எங்களை வட்டமாக நிற்கச் சொல்லி, ஒரு நூலுருண்டையை எடுத்தார். அதைப் பிடித்தவர் தன் பயம் ஒன்றைச் சொல்லிவிட்டு, நூலின் ஒரு பகுதியைக் கையில் வைத்துக்கொண்டு, மற்றவருக்கு வீச வேண்டும். பிள்ளைக்குத் துணி துவைக்கத் தெரியாது என்று ஒருவர் பயந்தார். பிள்ளைக்குக் கீரை பிடிக்காது என்று இன்னொருவர் பயந்தார். ஒரு அம்மாள் அழுதேவிட்டார். உருண்டை என்னிடம் வந்தது.

"உங்க பயம் என்னங்க ஐயா?"

"இந்தச் சிக்கலை யார் பிரிக்கப் போறாங்கன்னுதான்," என்றேன்.

அவர் நன்றாகச் சிரித்தார். அதற்குத்தான் சம்பளம் போலும். பின்பு சொன்னார்: "இத்தனை நாள் நீங்க டிரைவர். இனிமே உங்க பிள்ளைதான் டிரைவர். நீங்க பக்கத்து சீட்டுப் பயணி."

"பெட்ரோல் யாரு போடறது?" என்று டாரல் கேட்டான். மண்டபத்திலேயே அப்போதுதான் முதன்முறையாகக் கைதட்டல் எழுந்தது.

அடுத்துச் சட்டத்தை விளக்கினார். மாணவரின் மதிப்பெண்ணோ வகுப்போ எதுவும் குடும்பத்தாருக்குச் சொல்லப்படாது. ஆலோசனை அறைக்குள்ளும் விட மாட்டார்கள். மாணவர் யார் பெயரையாவது குறிப்பிட்டு அனுமதி கொடுத்தால் அவரை மட்டும் விடுவார்கள்.

"நான் பெத்து வளத்தவ," என்றாள் லவான் சத்தமாக. "அவ கழுத்துல மச்சம் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். மார்க் தெரியக் கூடாதா?"

அந்தச் சமயத்தில் மஞ்சள் பனியன் பெண் ஒருத்தி கதவைத் திறந்து தலையை நீட்டினாள். "இங்க கெரிட் வான் ரூக்கல் யாருங்க?"

"ஏன் அவரு?" என்று லவான் எழுந்தாள். "அம்மா நான் இருக்கேன், அப்பா இவரு இருக்காரு."

"அவங்க குடுத்த பேரு இது ஒண்ணுதாங்க."

மண்டபமே பார்க்க நான் எழுந்து கோட்டு பொத்தானைப் போட்டுக்கொண்டேன். டாரல் என் கையைப் பிடித்தான். "பெரியப்பா, நீங்க ஒரு வார்த்தை சொன்னா அவ அடங்கிடுவா. கொஞ்சம் பாத்துப் பண்ணுங்க."

ஆலோசகர் முப்பது வயதுகூட இருக்காத ஒரு பெண். ஆஸ்டர்கார்ட் என்று பெயர். மேசையில் ஒரு கிண்ணம் மிட்டாய், வாடிய செடி ஒன்று. திரையில் கென்ட்ராவின் வகுப்பு அட்டவணை தயாராக இருந்தது. மூன்றாம் நிலை கால்குலஸ், காலை எட்டு மணிக்கு. அதோடு பொறியாளர்களுக்கான இயற்பியல். கால்நடை ஒன்றுகூட இல்லை. தொண்ணூற்றாறைப் பார்த்ததும் இயந்திரமே அவளைப் பொறியியலுக்கு நகர்த்திவிட்டதாம்.

"சம்மதம்னா இந்த இடத்துல அழுத்திடுங்க கென்ட்ரா. பதிவு முடிஞ்சிடும்," என்றாள் ஆலோசகர்.

கென்ட்ரா தேவாலயத்தில் உட்காருவதுபோல இரண்டு கையையும் மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"அந்தப் பரீட்சையை நான் தனியா எழுதல," என்றாள். "என்னால இது முடியாது."

ஆலோசகர் என் பக்கம் திரும்பினாள்.

பிள்ளை கூச்சப்படுகிறாள் என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். அது எவரும் நம்பக்கூடிய வரிதான். ஊரில் தொண்ணூற்றாறு அப்படியே நின்றிருக்கும், டைக்ஸ்ட்ரா தொண்ணூற்றிரண்டிலேயே இருந்திருப்பார். ஆனால் அவள் என் முதுகுக்குப் பின்னால் இதைச் சொல்லவில்லை. பெற்றவர்களை விட்டுவிட்டு என் பெயரைக் கொடுத்து, என்னை உள்ளே வரவழைத்து, என் எதிரில் சொல்கிறாள். நான் மறுத்தால் அவள் இன்னொரு முறை வாய் திறக்க மாட்டாள், அந்தப் பொத்தானை அழுத்திவிடுவாள். அதுவும் எனக்குத் தெரிந்தது.

"அவள் சொல்வது உண்மை," என்றேன். "மேசையில் இருந்தவர்கள் ஐந்து பேர்." யார் எந்தக் கேள்விக்கு விடை சொன்னார்கள் என்று வரிசையாகச் சொன்னேன். கால்குலஸ் அனைத்தும் என்னுடையது என்பதை அழுத்தியே சொன்னேன். "இனி விசாரணை எப்போது, யாரிடம் என்று சொல்லுங்கள். முதல்வரிடம் என்றால் இப்போதே வருகிறேன். குழந்தைக்கு இதில் பங்கில்லை. குடும்பத்தின் சார்பில் நான் நிற்கிறேன்."

ஆலோசகர் மிட்டாய்க் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாள்.

"விசாரணையெல்லாம் ஒண்ணும் இல்லங்க ஐயா. உக்காருங்க. காலையிலேர்ந்து நீங்க ஏழாவது குடும்பம்."

"ஏழாவதா?"

"நேத்து பதினாலு. உங்களுது எனக்கு முன்னாடியே தெரியும். ஆத்துப் பக்கமும் வேலி போட்டிருந்தீங்க. கீழ எழுதியிருந்ததையும் படிச்சோம். பதினெட்டு வயசுப் பொண்ணு யாரும் 'அல்லர்'னு எழுத மாட்டாங்க." சிரித்தாள். "ஆபீஸ்ல எல்லாரும் ரசிச்சோம்."

குற்றம் சாட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எங்கள் முன்னோர் வழக்குக்கும் தண்டனைக்கும் பயந்தவர்கள் அல்லர். ஆனால் காலை பத்தரை மணிக்கு ஏழாவது குடும்பமாக இருப்பது எப்படி என்று அவர்கள் யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை.

"தெரிந்தும் ஏன் நட்சத்திரம் ஒட்டினீர்கள்?"

"அது வேற டிபார்ட்மெண்ட்ங்க."

"வீட்டிலிருந்து எழுதச் சொன்னால் இப்படித்தான் நடக்கும் என்று தெரியாதா?"

"தெரியும். ஆனா இங்க வந்து எழுதச் சொன்னா பாதிப் பிள்ளைங்க வேற காலேஜுக்குப் போயிடறாங்க. அதனால வீட்டுல எழுதட்டும்னு விட்டுட்டு, இங்க வந்தப்புறம் சரி பண்ணிக்கறோம். யாரும் வாய் திறக்கலைன்னா நாங்களும் கேக்கறதில்ல. டிசம்பர்ல தானா தெரிஞ்சிடும்."

ஆக, ஒரு பல்கலைக்கழகம் பொய்யை வீட்டு வாசலில் வந்து கேட்டு வாங்குகிறது, அதற்கு நட்சத்திரம் ஒட்டுகிறது, நூலுருண்டை வீசி விளையாட வைக்கிறது, டிசம்பரில் பிள்ளையைப் பெட்டியோடு திருப்பி அனுப்புகிறது. இதையெல்லாம் செய்ய ஒவ்வொன்றுக்கும் ஒரு துணை இயக்குநர். நாங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் செய்ததை இவர்கள் வருடம் முழுக்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிறார்கள்.

"இன்னொரு தடவை எழுதறீங்களா?" என்று ஆலோசகர் கென்ட்ராவிடம் கேட்டாள். "கடைசி ரூம். கண்காணிப்பாளர் இருப்பாங்க. அந்த மார்க்கை வெச்சு புதுசா அட்டவணை போட்டுடலாம்."

"எழுதறேன்," என்று அவள் எழுந்தே விட்டாள்.

அந்தக் கடைசி அறைக்கு வெளியே நீளமான பெஞ்சு போட்டிருந்தார்கள். அதில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாருடைய மார்பிலும் பொன்னிற நட்சத்திரம். ஒருவர் அதன்மேல் தொப்பியை வைத்து மறைத்துக்கொண்டிருந்தார். தொப்பியை நான் அறிவேன்.

"கெரிட்," என்றார் ஹார்லன் டைக்ஸ்ட்ரா.

"ஹார்லன்," என்றேன்.

நகர்ந்து இடம் கொடுத்தார். உட்கார்ந்தேன். மூடிய கதவையே இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். உள்ளே அவர் பேரன் பிரென்ட் இருந்தான். இப்போது கென்ட்ராவும்.

"சோளம் எப்படி இருக்கு?" என்றார் ஹார்லன்.

"ஒரு மழை வேணும்."

"ஆமா. ஒரு மழை வேணும்."

டாரலும் லவானும் தேடிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். லவான் கதவைப் பார்த்தாள், பெஞ்சைப் பார்த்தாள், ஹார்லனைப் பார்த்தாள். கழுத்துப்பட்டையிலிருந்து நட்சத்திரத்தை மெதுவாக உரித்துக் கைப்பைக்குள் போட்டாள். அது பிசுபிசுவென்று விரலில் ஒட்டிக்கொண்டு போக மறுத்தது.

"ஏன் பெரிய மாமா தடுக்கல?" என்று டாரலின் காதில் கிசுகிசுத்தாள். லவானின் கிசுகிசுப்பு எனக்குக் கேட்டது, ஹார்லனுக்கும் கேட்டது.

கென்ட்ரா வெளியே வந்தபோது தலைமுடி கலைந்திருந்தது. நிமிர்ந்து நடந்து வந்தாள்.

"அம்பத்தாறு."

"அம்பத்தாறா!" டாரல் தலையில் கை வைத்தான். "ஊர்ல என்னன்னு சொல்றது?"

"அம்பத்தாறுன்னு சொல்லுங்கப்பா."

ஆலோசகர் புதிய அட்டவணை போட்டுக் கொடுத்தாள். கால்குலஸுக்கு முந்தைய வகுப்பு, பகல் பதினொரு மணிக்கு. கால்நடை அறிவியல் இரண்டு, அதில் ஒன்று பன்றிகளோடு. இயற்பியல் இல்லை. கென்ட்ரா ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்துவிட்டு, யாரையும் கேட்காமல் தானே பொத்தானை அழுத்தினாள். திரையில் 'பதிவு முடிந்தது' என்று வந்தது. வீடு போய்ச் சேரும்வரை லவான் பேசவில்லை. எங்கள் குடும்ப வரலாற்றில் அது தனியாகக் குறிக்கப்பட வேண்டியது.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து காப்பி குடிக்கும்போது, கென்ட்ராவைப் பற்றி ஒருவர் விசாரித்தார். கூட்டம் சற்று அமைதியாகும்வரை காத்திருந்து சொன்னேன்:

"ஐம்பத்தாறு. தனியாக எழுதியது."

லவான் கையிலிருந்த கோப்பை தட்டில் மோதி ஒலித்தது. எதிர்மேசையில் ஹார்லன் டைக்ஸ்ட்ரா பிஸ்கட்டைத் தேர்ந்தெடுக்க வெகுநேரம் எடுத்துக்கொண்டார். பிரென்டின் மதிப்பெண்ணை அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்போது ஊரில் ஒரு பேச்சு நடமாடுகிறது. அன்று அந்தக் கடைசி அறையில் கென்ட்ராவோடு நானும் உட்கார்ந்து எழுதினேன், எனக்கு வந்தது நாற்பத்தெட்டு என்று. அது பொய். நான் எழுதவில்லை, அந்த அறைக்குள் காலெடுத்து வைக்கவும் இல்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.